உரஞ்சினால் ஊத்தை போகும், நிறம் போகாது

கலியாணம் ஒன்று பொருந்தினால் எங்கட பக்கம் ஒரு வேலை தொடங்கும். ஒரு மாசத்துக்கு முதலே பொம்பிளையின்ர முகத்தில தேசிக்காய்ப் புளி, சீனி, கோப்பித்தூள், பேக்கிங் சோடா என்று யூரியூப் சொன்னதெல்லாத்தையும் பூசி உரஞ்சுவார்கள். "வயலுக்குப் போய்க் கறுத்திட்டாள், கொஞ்சம் வெளுக்கட்டும்" என்பதுதான் காரணம். ஸ்க்ரப் பண்ணுறது பிழை இல்லை. அதை நிறம் மாத்துற வேலையாக நினைக்கிறதுதான் பிழை என்பது எனது கருத்து.

எங்கட தோலின்ர மேற்படை இறந்த கலங்களால் ஆனது. இளவயதில், அடியில உருவாகிற கலம் கிட்டத்தட்ட 28 நாளில மேலே வந்து தானாக உதிரும். வியர்வையும் எண்ணெயும் சூடடிக்கிற தூசியும் சேர்ந்தால் உதிர வேண்டியது ஒட்டிக்கொண்டு நிற்கும், முகம் மங்கலாகத் தெரியும். அதை மெல்ல எடுத்துவிடுறது மட்டும்தான் ஸ்க்ரப். நிறம் தருகிற மெலனின் உருவாகிறது அதுக்கும் கீழே. அதுவரைக்கும் உரஞ்சினால் வாறது காயம்தான். கறுத்த தோலில காயம் ஆறும்போது அந்த இடம் இன்னும் கறுக்கும். வெள்ளையாகலாம் என்று உரஞ்சினவைக்குத் திட்டுத் திட்டாய்க் கறுப்பு விழுறது இதனாலதான்.

கிணத்துத் தண்ணியையும் யோசிக்க வேணும். கேத்தலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணி எங்கட ஊர்களில பல கிணறுகளில இருக்கு. அதில இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி உடம்பில ஒட்டும். ஊத்தை போகேல்லை என்று நினைச்சு இன்னும் சோப் போட்டு இன்னும் உரஞ்சுகிறோம். கொஞ்சச் சோப்பும் நிறையத் தண்ணியும் போதும்.

சரி, எப்படிச் செய்யிறது? முகத்துக்கு வாரத்தில ஒருக்கால், கூடினால் இரண்டு தரம். முகத்தை நனைச்சு, நல்லா அரிச்ச பயத்தம் மாவைத் தண்ணியில குழைச்சு, விரல் நுனியால அரை நிமிசம் மெதுவாகத் தேய்ச்சுக் கழுவினால் முடிந்தது. சீனியும் உப்பும் கோப்பித்தூளும் முகத்துக்குக் கரடு. உடம்புக்கு ஈரத் துவாயோ பீர்க்கங்காய் நாரோ காணும். முழங்கையும் குதிக்காலும் கொஞ்சம் கூடத் தாங்கும். நாரை ஒவ்வொரு முறையும் வெயிலில காயப் போடுங்கோ, ஈரமாய்க் கிடந்தால் கிருமி வளரும். குளிச்ச ஈரம் முழுக்கக் காய முதல் உடம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம். பரு வாற முகத்துக்கு அது வேண்டாம். கடையில வாங்குறதென்றால் 2 வீதத்துக்கு மேற்படாத சாலிசிலிக் அமிலமோ, குறைஞ்ச அளவு லக்ரிக் அமிலமோ உள்ளதைப் பாருங்கோ. லக்ரிக் அமிலம் பாவிச்சால் தோல் வெயிலுக்கு இளகும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

தேசிக்காயைத் தோலில பூசவே வேண்டாம். தோலின்ர பிஎச் அளவு 5 அளவில இருக்க, தேசிப்புளி 2 அளவில இருக்கும். அந்தச் சாறு பட்ட இடத்தில வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரலாம். பேக்கிங் சோடா மறுபக்கமாய், காரமாய் இருந்து தோலைக் காய வைக்கும்.

உரஞ்சவே கூடாத இடங்களும் இருக்கு. சீழ் வைச்ச பரு, சவரம் எடுத்த உடன தோல், வெயில் சுட்ட தோல். எங்கட ஊரில இன்னுமொன்று, செல் காயத் தழும்பு. தடிச்ச தழும்பு தேய்ச்சுக் கரையாது. உள்ளே துண்டு கிடக்கிறவை அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காமல் வைத்தியரிட்டைக் காட்டுறது நல்லது. தேமலும் ஊத்தை இல்லை, அது பங்கசால வாறது. அதுக்கு மருந்து இருக்கு. வெளிறின திட்டில தொடுகிற உணர்ச்சி குறைஞ்சிருந்தால் உடன அரச வைத்தியசாலைக்குப் போங்கோ. அது தொழுநோயாகவும் இருக்கலாம். அதுக்கு மருந்து இலவசம், முழுசாய் மாறும்.

உரஞ்சி வெளுக்காத ஏமாற்றம்தான் அடுத்ததாய்ப் பெயர் தெரியாத வெள்ளைக் கிரீமுக்குக் கொண்டுபோகுது. உலகத்தில விற்கிற இப்படியான கிரீம்கள் பலதில பாதரசம் பிடிபட்டிருக்கு. அது தோலுக்குள்ளால போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2013ல கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த வெள்ளையாக்கும் கிரீம்களைத் தடுக்கச் சொல்லுது. லேபலில தயாரித்தவரின் முகவரியும் உள்ளடக்கமும் இல்லாவிட்டால் வாங்காதேங்கோ. 2020ல ஃபெயார் அண்ட் லவ்லி தன்ர பேரை குளோ அண்ட் லவ்லி என்று மாத்தினது. பேர் மாறினது, எங்கட வீட்டுக் கதை மாறேல்லை.

வெயிலுக்க நாத்து நட்டு, களை பிடுங்கி, கச்சான் கிண்டி வீட்டைக் கொண்டுநடத்தின பெண்ணிட்டை அந்த வெயிலின்ர நிறத்தையே குறையாய்ச் சொல்லுறோம். ஆம்பிளைப் பிள்ளை கறுத்தால் "உழைக்கிறான்" என்கிறோம். அடுத்த முறை பேச்சுக்கால் நடக்கிற இடத்தில யாரும் "பிள்ளை நிறம் கொஞ்சம் மட்டு" என்று தொடங்கினால், பக்கத்தில இருக்கிற நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். மாப்பிள்ளையின்ர நிறத்தையும் அங்கேயே ஒருக்கால் கேட்டுப் பாப்பம்.