மருந்தைப் பகிர்ந்தளிப்பது அன்பாகுமா?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தைக் காத்துக்கொள்ளவே மருத்துவரை நாடுகிறோம். அவர் தரும் மருந்தை வாங்கி வருகிறோம். ஆனால், வாங்கி வந்த மருந்தை முறைப்படி வழங்குகிறோமா என்று நம்மை நாமே வினவிக் கொண்டால், நம்மில் பலர் விடை கூறத் தயங்கவே செய்வோம்.

தோட்டப்புறத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டு, கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் தண்ணீர் மருந்து கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிகிறது. பிள்ளை விளையாடப் போய்விடுகிறது. பாதி மருந்து போத்தலிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமுகிறது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாய்க்கு ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் கூலி போயிற்று. “எங்கள் வீட்டில் மருந்து மீதமிருக்கிறது, அக்கா. அதையே கொடுத்துப் பாருங்கள்” என்று போத்தல் கைமாறுகிறது.

இருப்பதைப் பகிர்ந்து வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. அரிசியும் சீனியும் குழம்பும் வீட்டுக்கு வீடு கைமாறியதனாலேயே லயத்து வாழ்வின் துன்பங்களை நம் பெற்றோர் தாங்கினர். அப்பண்பு போற்றற்குரியது. எனினும், ஆன்டிபயாட்டிக் மருந்து மட்டும் அந்த வரிசையில் சேராது என்பதே நமது உறுதியான கருத்து. காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது, இம்மருந்து பாக்டீரியா என்னும் கிருமிகளை மட்டுமே அழிக்கும். சளி, ஃபுளூ காய்ச்சல் போன்றவை வைரஸினால் வருபவை. அவற்றின்மேல் இதற்கு எவ்வித ஆற்றலும் இல்லை. இருமலெல்லாம் ஒரே நோயன்று. எது எதனால் வந்தது என்பதைப் பிள்ளையைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

இரண்டாவது, குழந்தைகளுக்கான அளவு பெரும்பாலும் உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பலருக்கும் பழக்கமான அமாக்சிசிலின் மருந்தையே எடுத்துக்கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு. அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு. கரண்டி ஒன்றே, மருந்தோ இருமடங்கு!

மூன்றாவது, இம்மருந்து தூளாக வந்து, நீர் கலந்து தரப்படுவது. கலந்தபின் அதன் ஆயுள் குறுகியது. மருந்துக்கேற்ப 7 நாளோ 14 நாளோதான். சென்ற மாதத்துப் போத்தலில் எஞ்சியிருப்பதை மருந்தென்று நம்புவது பேதைமை.

நான்காவது, பென்சிலின் வகை மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒரு பிள்ளையைக் காத்த மருந்தே மற்றொரு பிள்ளைக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். இம்மருந்துகள் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருப்பது வீணுக்கன்று.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். இம்மருந்தைப் பொறுத்தவரை, அளவுக்குக் குறைந்தாலும் தீங்குதான். 1928ஆம் ஆண்டில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானாகவே குறைந்த அளவில் பென்சிலின் உண்ட ஒருவனை அவர் கற்பனையாகக் காட்டினார். அவனுடலில் சாகாது தப்பிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகின. அவை அவன் மனைவியைத் தொற்றியபோது அதே மருந்து பயனளிக்கவில்லை, அவள் இறந்தாள். அன்று கற்பனை, இன்று உண்மை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

ஆகவே, பெற்றோர்களே! காய்ச்சல் விட்டதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டை நோய்க்கு வழக்கமாக 10 நாள் பென்சிலின் மருந்து கொடுப்பது, பின்னாளில் இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சலைத் தடுப்பதற்காகவே. எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு முறையும் போத்தலை நன்கு குலுக்குங்கள்; இல்லையேல் மேலே நீர்த்தும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் மற்றொன்று இரா; மருந்தோடு தரும் அளவுக் குழலையே பயன்படுத்துங்கள். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்தா என்று கேட்டறியுங்கள். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இருமடங்காகக் கொடுக்க வேண்டா. உடலில் தடிப்பு தோன்றினால் மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள். எஞ்சிய மருந்தைக் கால்வாயில் ஊற்றாமல் கிளினிக்கின் மருந்துப் பிரிவில் கேட்டு ஒப்படையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. நம் பாட்டிமார் பலருக்குப் போத்தலில் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரியாது. நீங்களோ தமிழும் மலாயும் ஆங்கிலமும் பயில்கிறீர்கள். ‘கோச்சாக்’ என்றால் குலுக்கு, ‘ஹாபிஸ்கான்’ என்றால் முழுவதும் முடித்துவிடு என்று படித்துச் சொல்லுங்கள். மருந்து கொடுத்த வேளைகளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஆனால், பெரியவர் இல்லாதபோது நீங்களாக எடுத்துக் குடிக்கவோ தம்பி தங்கையருக்கு ஊற்றிக் கொடுக்கவோ கூடாது. வகுப்பறையில் கற்ற எழுத்து வீட்டில் ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் மேலான கல்விப் பயன் வேறில்லை.

ஒருநாள் கூலி உழைப்பாளிக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆதலால், வெறும் அறிவுரை போதாது. வேலைக்குச் செல்ல வேண்டிய தாய்க்குப் பதிலாக, பக்கத்து வீட்டார் ஒருவர் அவர் பிள்ளையைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருந்தாளர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, அளவுக் குழலைப் பிடிக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லட்டும்.

மருந்தைப் பகிர்வது அன்பாகாது. துணைக்கு நடந்து செல்வதே அன்பு. போத்தலை நீட்டும் கை, இனி அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்!