தரவகம் திரட்டுவோர் நிரலகத்தையும் ஆராய வேண்டும்

மொழியியல் ஆய்வேடுகளின் ஆய்வுநெறி இயலில் தரவகத்தின் சொல் எண்ணிக்கை இருக்கும். மூலமும் திரட்டிய நாளும் இருக்கும். அத்தரவை இணையத்திலிருந்து இறக்கிய நிரலகத்தின் பெயர் பெரும்பாலும் இராது. அது பொறியாளரின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்குவது ஆய்வுநெறிப் பிழை என்பதே என் வாதம்.

பெரிய கோப்பை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றாமல், வரவரத் துண்டு துண்டாகப் பெற்றுக் கையாள்வதே ஸ்ட்ரீமிங். பைத்தானில் இதற்கு ரிக்வெஸ்ட்ஸ், எச்டிடிபிஎக்ஸ், ஏஐஓஎச்டிடிபி ஆகிய மூன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. எது விரைவானது என்றே விவாதிக்கிறோம். ஆனால் சில கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும்போது வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வழங்கியும் நம் இணைப்புமே. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிழை நேர்ந்தால் நிரலகம் அதை அறிவிக்குமா, மௌனமாகக் கடந்துவிடுமா?

முதலாவது, குறியாக்கம். ஓர் உரைப்பக்கம் தன் குறியாக்கத்தை அறிவிக்காவிட்டால், ரிக்வெஸ்ட்ஸ் அதை லத்தீன்-1 எனக் கொள்கிறது. 1999ஆம் ஆண்டின் எச்டிடிபி தரவரையறையில் இருந்த அவ்விதி 2014இல் நீக்கப்பட்டது. பழக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம் முதலிய எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டுகள். லத்தீன்-1 எந்தப் பைட்டையும் மறுக்காது. எனவே ‘த’ மூன்று பொருளற்ற குறிகளாகும். பிழைச்செய்தி ஏதும் வராது. எச்டிடிபிஎக்ஸ் அந்நிலையில் யூடிஎஃப்-8 எனக் கொள்கிறது.

இரண்டாவது, முழுமை. ரிக்வெஸ்ட்ஸ் சார்ந்திருக்கும் யூஆர்எல்லிப்3இன் பழைய பதிப்புகளில், இணைப்பு இடையில் அறுந்து பாதிக் கோப்பே வந்தாலும் அது முழுமையாகவே ஏற்கப்படக்கூடும். வந்த அளவை அறிவித்த அளவோடு ஒப்பிடுவது 2023இல் வெளியான 2.0 பதிப்பில்தான் இயல்பானது. அறுபட்ட தரவகத்தில் எடுத்த சொல் நிகழ்வெண், தோற்றத்தில் சரியான எண்ணாகவே இருக்கும்.

மூன்றாவது, காலவரம்பு. ரிக்வெஸ்ட்ஸ் தானாக எவ்வரம்பும் விதிப்பதில்லை. வழங்கி மௌனமானால் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். எச்டிடிபிஎக்ஸ் 5 நொடி மௌனத்தில் பிழை எழுப்பும். ஏஐஓஎச்டிடிபியோ தரவு வந்துகொண்டிருந்தாலும் மொத்தம் 5 நிமிடத்தில் நிறுத்திவிடும். நாம் மாற்றாதவரை பெரிய கோப்பு முடியாது.

இனி, எந்நிரலகமும் தீர்க்காத ஒன்று. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு இரண்டு குறியீடுகள், 6 பைட்டுகள். துண்டின் எல்லை அதன் நடுவே விழலாம். குறியாக்கத்தைச் சரியாகப் பிரித்தாலும் ககரம் ஒரு துண்டிலும் உயிர்க்குறி மறு துண்டிலும் நிற்கலாம். துண்டுதோறும் எழுத்தெண்ணினால் கணக்குத் தவறும். இதை அறிய வேண்டியவர் மொழியியலாளரே.

என் பரிந்துரை இது: வரிசையாக இறக்கும் பணிக்கு எச்டிடிபிஎக்ஸ். ரிக்வெஸ்ட்ஸே பழகியிருந்தால் குறியாக்கத்தையும் காலவரம்பையும் வெளிப்படையாகக் குறித்து, யூஆர்எல்லிப்3இன் புதிய பதிப்போடு பயன்படுத்தலாம். நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் பேண வேண்டியவர்களுக்கே ஏஐஓஎச்டிடிபி. விக்கிமீடியா போன்ற மூலங்கள் தம் தரவுக்கோப்புகளுடன் சரிபார்ப்புத் தொகையும் வெளியிடுகின்றன. அதை ஒப்பிடாமல் எண்ணத் தொடங்கலாகாது.

நிரலகத்தின் பெயர், பதிப்பு, குறியாக்கம், காலவரம்பு, சரிபார்த்த முறை: ஆய்வுநெறி இயலில் இவற்றுக்கு நான்கு வரி போதும். அவ்வரிகளை மாணவர்கள் எழுத வேண்டும். நெறியாளர்கள் கேட்க வேண்டும்.