ஆலையும் திருநாளும்

திருவள்ளூர் ஜில்லாவின் வரைபடத்தை விரித்துப் பார்ப்போர் கண்ணில் இன்று முதலிற்படுவன கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டும், அதனைச் சூழ எழுந்துள்ள உருக்காலைகளும், கிடங்குகளும், அவற்றை இணைக்கும் சாலைகளுமே. ஆயின் இந்நிலத்து மக்கள் தம் நெஞ்சில் வைத்திருக்கும் வரைபடம் வேறு. அதில் ஊர்கள் மைல்களால் அளக்கப்படவில்லை, மாதங்களால் அளக்கப்பட்டிருக்கின்றன. தை அமாவாசை என்றால் திருவள்ளூர். சித்திரை என்றால் பொன்னேரி. ஆடி என்றால் பெரியபாளையமும் திருத்தணியும். மார்கழித் திருவாதிரை என்றால் திருவாலங்காடு. முதல் வரைபடம் இரண்டாவதை அழித்துவிடலாகாது என்பதே இன்று நாம் எழுத வந்த விஷயம்.

ராஜஸ்தானத்துப் பாலைவனத்தைப் பற்றி நம்மவர் பலர் அறிந்தது மணலும் ஒட்டகமுமே. அப்பாலையில் வாழும் மக்கள் ஆண்டு முழுவதையும் திருநாட்களாலும் சந்தைகளாலும் கோத்து வைத்திருப்பதைச் சிலரே அறிவர். சைத்திரத்தில் கௌரிக்குரிய கணகௌர். பாத்ரபதத்தில் பொக்ரானுக்கு அருகே ராமதேவராவில், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் ராமதேவரின் விழா. குளிர்காலத்தில் நாகௌரின் மாட்டுச் சந்தை. கார்த்திகைப் பௌர்ணமியில் புஷ்கரத்திலும் கோலாயத்திலும் ஏரி நீராட்டு. மழை அரிதான நாட்டில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கின்றன. ஆகவே அங்கே திருவிழாவே சந்தை, திருவிழாவே பஞ்சாயத்து, பெண் பார்ப்பதும் மாடு பார்ப்பதும் அங்கேயே. புஷ்கரமும் கோலாயத்தும் நீர்நிலையின் கரையில் அமைந்தவை என்பது கவனிக்கத்தக்கது. நீர் அருமையானது என்று அறிந்தவர் நீரருகே கூடினர்.

அப்பாலையிலிருந்து நாம் கற்கத்தக்க மற்றொரு பாடமும் உண்டு. 2015இல் ராஜஸ்தான் சர்க்கார் ஒட்டகங்களைக் காக்க ஒரு சட்டம் இயற்றினர். கொலையைத் தடுப்பதே நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் ஒட்டகத்தை மாகாண எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. வாங்குவோர் குறைந்தனர், வளர்ப்போர் சோர்ந்தனர், புஷ்கரச் சந்தைக்கு வரும் ஒட்டகங்களின் தொகை சுருங்கிற்று. திருவிழா நடக்கிறது, அதன் உயிர்நாடியாயிருந்த தொழில் தளர்ந்துவிட்டது. சட்டம் எழுதுவோர் சந்தையில் நிற்போரைக் கலந்துகொள்ளாவிடில் நேர்வது இதுவே.

வளமுள்ள நிலமும் முறை திரிந்தால் பாலையாகும் என்பது பழந்தமிழர் கொள்கை. தமிழகத்தில் இயற்கைப் பாலை இல்லை. உண்டாக்கப்படும் பாலையே உண்டு. திருவள்ளூர் ஜில்லா அப்படியாகிவிடுமோ என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. எனினும் பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு வேப்பிலை உடுத்தி வருவோர் நீராட வேண்டிய ஆரணியாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதை எவர்தாம் காணவில்லை? சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. சென்னை மேயராயிருந்து அதற்காக உழைத்த தீரர் சத்தியமூர்த்தி, 1944இல் அது முடிவதைக் காணாமலே 1943இல் மறைந்தார். நகரத்துக்கு நீர் கொடுத்த ஜில்லா தன் திருநாளுக்கு லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்பது நமக்குச் சிறிதும் உவப்பாக இல்லை.

இந்த விழாக்களை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை அமாவாசைக்கு முதல் நாள் இரவு திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குச் சென்று பார்ப்பார்களாக. பஸ்ஸிலும் ரயிலிலும் வந்திறங்கிய ஏழை ஜனங்கள் மண்டபங்களிலும் குளக்கரையிலும் படுத்திருப்பர். வைத்திய வீரராகவர் என்று அவர்கள் அழைக்கும் பெருமாளிடம் நோய் தீர வேண்டி, விடியலில் ஹிருத்தாபநாசினியில் நீராடி வெல்லம் கரைப்பர். (வெல்லத்தைக் குளத்திலன்றி வேறோரிடத்தில் கரைத்தால் பெருமாள் கோபிக்கமாட்டார் என்பது நம் அபிப்பிராயம்.) டாக்டர் கட்டணம் கொடுக்க இயலாதவனுக்கு அந்த ஓரிரவு எவ்வளவு ஆறுதல் என்பதை நாற்காலியிலிருந்து அளக்க முடியாது. பொன்னேரியிலோ சித்திரை உற்சவத்தில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் எதிரெதிரே வந்து சந்திக்கிறார்கள். நாமத்தின் வடிவுக்காக ஹைகோர்ட்டு வரை வழக்காடிய நமது நாட்டில், ஹரியும் ஹரனும் ஒரே வீதியில் நின்று ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் காட்சி சிறியதன்று.

திருத்தணியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அந்நிய ஆட்சிக் காலத்தில், ஆங்கிலப் புத்தாண்டன்று எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைத் துரைமார் பங்களாக்களுக்குச் சென்று சலாமிட்டு நிற்பது நம்மவர் வழக்கமாயிருந்தது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்துப் பின் துறவியான வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இதனைப் பொறாராய், துரைகளுக்கெல்லாம் துரையான முருகனிடம் செல்வோம் என்று 1917இல் டிசம்பர் 31ஆந் தேதி இரவு திருத்தணியில் படித்திருவிழாவைத் தொடங்கி வைத்தார். 365 படிகள், படிக்கொரு திருப்புகழ், படிக்கொரு கர்ப்பூரம். பிரசங்கமில்லை, தீர்மானமில்லை, கைதில்லை. ஆயினும் சலாமிடச் செல்வோரின் கால்கள் திசைமாறின. சுயராஜ்ய இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுவோர் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் தகும்.

அதே திருத்தணி மொழிவாரிப் பிரிவினையில் ஆந்திரத்தோடு சேர்ந்துவிட, ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் பிறரும் போராடியதன் பயனாய் 1960 ஏப்ரல் முதல் தேதி தமிழகம் திரும்பிற்று. எல்லைக்காக நாம் வாதாடினோம், அது நியாயமே. ஆனால் ஆடிக் கிருத்திகையில் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு மக்கள் புஷ்பக் காவடியோடு மலையேறுவது அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. பெரியபாளையத்திற்கும் அவ்வாறே.

இனி ஆலைக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் தொழில் நிலையங்கள் விடுமுறைச் சட்டப்படி, குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கோடு, பண்டிகைகளுக்காக ஐந்து நாட்கள் சம்பளத்துடன் விடவேண்டும். அவ்வைந்தும் எவை என்பதை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்தே இன்ஸ்பெக்டர் குறிக்கவேண்டும். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும் தரவேண்டும். சட்டத்தின் சொற்களில் குறையொன்றும் நாம் காணவில்லை. ஆனால் ‘கலந்து’ என்ற அச்சொல், பட்டியலைத் தட்டெழுதிச் சங்கத்தார் இருவரிடம் கையொப்பம் வாங்குவதோடு முடிந்துவிடுமாயின், அது கலப்பன்று, கண்துடைப்பு. பொங்கலும் தீபாவளியும் எவ்விடத்தும் உண்டு. ஆடிக் கிருத்திகையோ பெரியபாளையத்து ஞாயிறோ பட்டியலில் இடம்பெற வேண்டுமா என்று இந்த ஜில்லாத் தொழிலாளியைக் கேட்டவர் எத்தனை பேர்?

அத்தொழிலாளியும் இன்று ஒரு மொழியினன் அல்லன். பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த சகோதரர்கள் கும்மிடிப்பூண்டியின் உலைகளருகே நிற்கிறார்கள். நாம் புரட்டாசியில் ஆயுத பூஜை செய்வதுபோல் அவர்கள் செப்டம்பர் 17இல் விசுவகர்மாவுக்கு இயந்திரங்களின் முன் பூஜை செய்கிறார்கள். தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள், இடுப்பளவு நீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விடும் சட் விரதம் அவர்களுக்குப் பெரும்பண்டிகை. பொங்கலில் சூரியனைத் தொழும் நமக்கு இது அந்நியமாய்த் தோன்றுதற்குக் காரணமில்லை.

ஆயினும் ஒடிஸாவின் மேற்குப் பகுதியிலிருந்து செங்கற்சூளைகளுக்கு வருவோரின் கதை நெஞ்சை வருத்துவது. ஆவணி-புரட்டாசியை ஒட்டி வரும் நுவாகாய், புதுநெல்லை உண்ணும் திருநாள், அவர்களுக்குத் தலையாயது. அப்பண்டிகைக் காலத்தைப் பார்த்தே தரகர் வந்து முன்பணம் நீட்டுகிறார். பண்டிகைச் செலவுக்கு வாங்கிய பணம் குடும்பத்தையே சூளைக்கு இழுத்துவருகிறது. 2011இல் இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே ஒரு சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கொத்தடிமை நிலையினின்றும் மீட்கப்பட்டனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்தது 1976இல் என்பதை வாசகர் நினைவுகூர்வாராக. ஒருவன் தன் சொந்தத் திருநாளைக் கொண்டாட தன்னையே அடகு வைக்கிறான்; அடுத்த திருநாளுக்குள் கணக்குத் தீர்ந்து ஊர் திரும்புவானா என்பதே அவனுடைய கவலை. இதனைக் கண்டு வாளாவிருந்துவிட்டு, நாம் எந்த முகத்தோடு தேர் இழுப்பது?

உலை அணைந்தால் மீண்டும் மூட்ட நாட்களாகும் என்று முதலாளிகள் கூறுவர். உண்மையே; அதற்காகத்தான் சட்டம் மாற்று விடுமுறைக்கு வழி வைத்திருக்கிறது. இந்தியாவில் விடுமுறை அதிகம் என்று இன்னும் சிலர் கூறுவர். ஆண்டுக்கு ஒன்பது நாட்கள் அதிகமென்பார், தாம் மலைவாசஸ்தலத்தில் கழித்த நாட்களை எண்ணிப் பார்க்கட்டும். திருவிழாவின் பெயரால் நடக்கும் குடியையும் வீண்செலவையும் நாம் ஆதரிப்பவரல்லேம். அவற்றைத் திருத்த வேண்டியவர் விழாக் குழுவினர். ஆலை மானேஜர் அல்லர்.

ஆகவே நாம் கேட்பது இது. வரும் ஆண்டு பிறக்குமுன் ஜில்லாவின் ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர் கூட்டம் நடத்தி, தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் கேட்டு, ஐந்து பண்டிகை நாட்களையும் தீர்மானிக்கவேண்டும். கான்ட்ராக்டர் வழி வந்தவர் என்று எவரையும் அக்கூட்டத்திலிருந்து விலக்கலாகாது. சட் விரதத்திற்கு ஒரு நல்ல ஏரிக்கரையைக் கலெக்டர் குறித்துத் தரவேண்டும். ஒடிஸாவில் முன்பணம் கைமாறும் மாதங்களில், சூளை முதலாளிகள் எத்தனை பேரை எவ்வளவு பணத்துக்குப் பேசியிருக்கிறார்கள் என்ற கணக்கை இங்குள்ள தொழிலாளர் இலாகா அப்பொழுதே கேட்டு வாங்கவேண்டும்; ஜனங்கள் சூளைக்கு வந்து சேர்ந்த பின் அன்று. நமது தேசியத் தொண்டர்கள் இக்கூட்டங்களுக்குத் தாமே சென்று உட்கார்ந்து, நடந்ததை நமக்கு எழுதுவார்களாக, வெளியிடுகிறோம்.