தாத்தா பெட்டியில் பாட்டுப் புத்தகம் இருக்கா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

தியேட்டரில் சில்லறைக் காசுக்கு விற்ற சினிமா பாட்டுப் புத்தகம்தான், நம்ம தாத்தா, பாட்டி தலைமுறையில் பலருக்குச் சின்ன வயசுக் கதைப் புத்தகம். நடிகர் பட்டியல், பாடல்கள், கூடவே கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும்போது டக்குனு நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க!'

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) மாதிரி சிரிப்பும் சாகசமும் கலந்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். படம் பார்க்கக் காசில்லாத பிள்ளைகள் மீதிக் கதையைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள்.

இப்போது புரட்டினால், 'இது வெறும் விளம்பரம்தானே' என்று தோன்றும். ஆனால் அதை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் டி.ஆர்.சுந்தரம். அந்த 'டி', நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இவர்கள் தயாரிப்புதான். அதன் பிரின்ட் இன்று கிடைப்பதில்லை. மிஞ்சியவை பாட்டுப் புத்தகமும் சில ஸ்டில்களும்தான். மீதியைப் பார்க்க வெள்ளித்திரைக்குப் போக வழியில்லை. அந்தப் புத்தகம்தான் இப்போது படம்.

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காப்பாற்றணும் என்று பேசுகிறோம். வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதமும் அதே வரலாறுதான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட புத்தகங்களைப் பாதுகாக்கிறது. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன், உங்கள் வீட்டுப் புத்தகத்தைப் போனிலாவது ஸ்கேன் பண்ணி வையுங்க.