கருவூலமும் கடவுளும்

ஆடித் திங்களில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். அங்கே காவலர் நிற்பதிலும், குடிநீர் வைப்பதிலும் தவறேதுமில்லை. கூடுமிடம் கோயிலாயினும் மசூதியாயினும் மாதா கோயிலாயினும் மக்களைக் காப்பது அரசின் கடமை. ஆனால், ஒருவர் புண்ணியம் தேடிச் செல்லும் பயணத்துக்குப் பொதுப் பணத்தைக் கொடுப்பதும் அரசின் கடமையா? இல்லை என்பதே என் கருத்து.

ஒரு மதத்தை வளர்ப்பதற்கென வரி செலுத்துமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழியே ‘சமயச் சார்பற்ற’ என்னும் சொல்லும் முகவுரையில் ஏறியது. எனினும், ஹஜ் பயணத்துக்கு நடுவணரசு மானியம் அளித்து வந்தது. அதனை எதிர்த்த வழக்கில், வரிப் பணத்தின் பெரும்பகுதி ஒரு மதத்துக்குச் செலவானால்தான் 27-ஆம் பிரிவு மீறப்படும் என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம் 2012-இல், பத்தாண்டுக்குள் அம்மானியத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அத்தொகையை அச்சமூகத்தின் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்றும் வழிகாட்டியது. 2018-இல் மானியம் நின்றது.

அதே காலத்தில் தமிழகம் எதிர்த் திசையில் நடந்தது. ஜெருசலேம் செல்லும் கிறித்தவர்க்கு 2011-இலும், மானசரோவர், முக்திநாத் செல்லும் இந்துக்களுக்கு 2012-இலும் அரசு உதவி அறிவிக்கப்பட்டது. “எல்லா மதத்துக்கும் கொடுப்பது நடுநிலைதானே?” எனக் கேட்போர் உளர். அப்படியானால் எம்மதமும் வேண்டா என்பவனுக்கு என்ன கொடுப்பது? ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரும் கேட்பர். கேட்போரின் வாக்குகளை எண்ணிப் பார்த்து ஆள்வோர் கொடுப்பர். மதம் அரசியலுக்குள் நுழைவது இவ்வாறுதான்.

“ஏழை பக்தனுக்கு ஆசை இராதா?” என்பர். இருக்கும். ஆயினும், ஹஜ் வசதியுள்ளோர்க்கே கடமை என்பது இசுலாத்தின் விதி. ஏழையை அனுப்ப விரும்பும் செல்வர் தம் பணத்தில் அனுப்பட்டும், அது அறம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைப்பவர் ஒரு சோப்பு வாங்கும்போது செலுத்தும் வரியிலிருந்து அனுப்புவது அறமன்று. அந்த வரியை எதிர்பார்த்துப் பள்ளிகளும், மருத்துவமனைகளும், நாம் பயிலும் அரசுக் கல்லூரிகளும் காத்திருக்கின்றன.

மாணவ நண்பர்களே! வணங்க விரும்புவோர் வணங்குங்கள், மறுப்போர் மறுங்கள். காணிக்கை உண்டியலுக்குப் போகட்டும். வரி கருவூலத்துக்குப் போகட்டும். இரண்டையும் கலக்கும் கட்சி எதுவாயினும், வாக்குக் கேட்டு வரும்போது ஏன் என்று கேளுங்கள்!