கறவைக் கடனும் உண்ணிக் காய்ச்சலும்

சங்கங்களின் கடன் பேரேட்டைப் பார்வையிடுங்கால் ஒரு விஷயம் நம் கண்ணில் அடிக்கடி படுகின்றது. தறிக்கென வாங்கிய கடன் தவணை தவறாமல் வந்து சேருகிறது. பயிர்க் கடன் மழையைப் பொறுத்து முன்பின்னாக வருகிறது. கறவை மாட்டுக் கடனோ சில பெயர்களில் நாலைந்து தவணையோடு நின்றுவிடுகிறது. விசாரித்தால், "மாடு காய்ச்சல் கண்டு செத்துவிட்டது" என்கிறார்கள். அந்த அங்கத்தினர் நாணயம் தவறியவர் அல்லர். பால் நின்றபின் எதைக் கொண்டு அடைப்பார்?

இக்காய்ச்சல்களுள் கொடியது தைலேரியா என்னும் கிருமியால் வருவது. நம் மக்கள் இதனை உண்ணிக் காய்ச்சல் என்று அழைப்பது மிகப் பொருத்தமே. உண்ணி கடித்த அக்கணமே நோய் பற்றிவிடுவதில்லை. அது ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் இரத்தம் குடித்த பின்னரே, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள கிருமிகள் பக்குவம் அடைந்து மாட்டின் உடலில் இறங்குகின்றன. இறங்கியவை முதலில் வெள்ளணுக்களுள் புகுகின்றன. அங்ஙனம் கிருமி புகுந்த வெள்ளணு, புற்றுநோய் கண்ட அணுவைப் போலக் கட்டின்றிப் பெருகுகிறது. அது இரண்டாகப் பிரியும்போது கிருமியும் உடன் பிரிந்து இரண்டிலும் இடம் பெறுகிறது. மாட்டைக் காக்க வேண்டிய காவற்படையே பகைவனைப் பெருக்கித் தருகிறது! தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டுவதும், காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி வரை ஏறுவதும் இக்கட்டத்தில்தான். பின்னர்க் கிருமிகள் சிவப்பணுக்களில் குடியேறுகின்றன. அவ்வணுக்கள் அழிவதால் சோகை காண்கிறது; கண் இமையின் உட்புறம் வெளுக்கிறது; சில மாடுகளுக்கு மூச்சும் வாங்குகிறது.

இதற்குப் பங்காளி போன்றது பபேசியா. அது நேரே சிவப்பணுவில் புகுந்து அதனை உடைப்பதால், சிறுநீர் காப்பி நிறமாக வெளிவரும்.

இரண்டுக்கும் மருந்து உண்டு. தைலேரியாவுக்குப் பூபார்வகோன் என்னும் ஊசி மருந்து. விலை சற்று அதிகம்தான். காய்ச்சல் கண்டவுடன் இரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து ஊசி போட்டால் பல மாடுகள் பிழைக்கும். இரத்தம் வற்றியபின் போட்டால் பயன் குறைவு. சூடு போட்டுப் பார்ப்போம் என்று கழிக்கும் இரண்டு நாளில்தான் மாடு கைவிட்டுப் போகிறது.

நிற்க. காங்கேயம் போன்ற நம் நாட்டு மாடுகள் தலைமுறை தலைமுறையாக உண்ணியோடு பழகியவை. அவற்றை இந்நோய் பொதுவாகக் கடுமையாகத் தாக்குவதில்லை. கடன் வாங்கி வளர்க்கும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்களே வீழ்கின்றன. ஆனால் நலமாக மேயும் நாட்டு மாடும், நோயினின்று பிழைத்த மாடும் கிருமியைத் தம் இரத்தத்தில் அடக்கி வைத்திருக்கக் கூடும். அவற்றிடம் இரத்தம் குடித்த இளம் உண்ணி, தொழுவச் சுவரின் வெடிப்பில் தங்கித் தோலுரித்து வளர்ந்து, பக்கத்துப் பசுவின்மேல் ஏறுகிறது. ஒருவர் தம் மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்துப் பயன் என்ன?

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடந்தது. டெக்சாஸ் மாடுகள் நடந்து சென்ற வழியெல்லாம் வடமாநில மாடுகள் மடிந்தன. டெக்சாஸ் மாடுகளோ நலமாகவே இருந்தன. பபேசியாவைச் சுமப்பது உண்ணியே என்பதை 1893-இல் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் எழுதி நிறுவினர். 1906-இல் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாக எல்லாருடைய மாடுகளையும் மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றினர். சினங்கொண்டு தொட்டியை வெடி வைத்துத் தகர்த்த விவசாயிகளும் அங்கே இருந்தனர். எனினும் 1943-க்குள், மெக்சிகோ எல்லையோரம் நீங்கலாக, அவ்வுண்ணியை ஒழித்துவிட்டனர். நம் நாட்டில் உண்ணியை அடியோடு ஒழித்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. இங்கே உண்ணியின் வகைகள் பல, அவை ஏறும் பிராணிகளும் பல. ஒரு தெரு முழுவதும் ஒரே நாளில் மருந்து தெளிப்பது கூடவா நமக்கு முடியாது?

கறவைக் கடன் வழங்கும் சங்கமே இதனை ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. கடன் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, தெளிப்பானும் உண்ணி மருந்தும் மொத்தமாக வாங்கலாம். கால்நடை மருத்துவர் குறித்துத் தரும் நாளில், கடன் பெற்றவர், பெறாதவர், நாட்டு மாடு, எருமை என்று பாராமல் எல்லாத் தொழுவங்களுக்கும் தெளிக்க வேண்டும். சுவர் வெடிப்புக்களையும் பூசி அடைக்க வேண்டும். பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தை மாட்டின்மேல் ஊற்றும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது மாட்டுக்கும் நஞ்சு, பால் குடிக்கும் குழந்தைக்கும் நஞ்சு.

"காப்பீடு இருக்கிறதே" என்று செயலாளர் சிலர் நம்மிடம் கூறுவர். காதில் வில்லை இல்லாத மாட்டுக்கு அத்தொகை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது மாட்டின் விலையே ஆகும். நின்றுபோன பாலுக்கு யார் ஈடு தருவார்?

கலப்பினக் கன்றுகளுக்குத் தைலேரியாத் தடுப்பூசியும் உண்டு. அதனைத் திரவ நைட்ரஜனில் வைத்தே காக்க வேண்டுமாதலால், தனி ஒருவர் வீட்டுக்கு வாங்கி வருதல் இயலாது. சினை ஊசிக்காக நைட்ரஜன் குடுவை வைத்துள்ள கால்நடை மருந்தகத்தோடு சங்கம் முன்கூட்டிப் பேசி, ஊர்க் கன்றுகள் அனைத்தையும் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்த்தால், அதுவும் கைகூடும்.