வீடும் அனுமதி கேட்க வேண்டும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்த என் உம்மா இருட்டில் கால் இடறி விழுந்துவிட்டார்கள். அல்லாஹ்வின் அருளால் எலும்பு முறியவில்லை. செய்தி அறிந்த தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு கேமராவை அனுப்பிவைத்தான். அறையில் அசைவு தென்பட்டால் அது தானாகவே அத்திசைக்குத் திரும்பும். எங்கள் கைப்பேசிகளுக்குத் தகவல் தரும். பிள்ளைகள் அனைவரும் நிம்மதி அடைந்தோம்.

பத்து நாள்களுக்குப் பிறகுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. உம்மா தம் சொந்த அறையில், தனித்திருக்கும்போதும், முக்காட்டை எடுப்பதே இல்லை. உறங்கும்போதும் அப்படியே. காரணம் கேட்டேன். “அது பார்த்துக்கிட்டே இருக்குதே வாப்பா” என்றார்கள். அவர்களைக் காப்பதற்காக நாங்கள் செய்த ஏற்பாடு, அவர்களுடைய அறையை அவர்களிடமிருந்தே பறித்துவிட்டிருந்தது.

மனிதரின் நடமாட்டத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டடங்களைப் பற்றி இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, வெயிலுக்கேற்ப மூடித் திறக்கும் சாளரம், இருப்போரின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் குளிரூட்டி என வசதிகள் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன. இவை வேண்டாம் என்று நான் கூறவில்லை. சூழலுக்கு இணங்கும் கட்டடம் முஸ்லிம் நகரங்களுக்குப் புதியதும் அன்று. கெய்ரோவின் பழைய வீடுகளில் உள்ள மஷ்ரபிய்யா எனும் மரச்சல்லடைச் சாளரம் வெயிலை வடிகட்டிக் காற்றை உள்ளே விடும். உள்ளிருப்பவர் தெருவைக் காணலாம்; தெருவில் நிற்பவர் உள்ளே காண இயலாது.

அந்தச் சாளரத்தை முன்மாதிரியாகக் கொண்டே பாரிஸ் நகரின் அரபுலக நிறுவனக் கட்டடத்தை ழான் நூவெல் குழுவினர் வடிவமைத்தனர். 1987இல் திறக்கப்பட்ட அதன் தெற்குச் சுவரில் 240 உலோகப் பலகைகள் உள்ளன. அவற்றிலுள்ள துளைகள், கண்ணின் மணி போல் ஒளிக்கேற்பச் சுருங்கி விரியும்படி அமைக்கப்பட்டன. உலகமே வியந்தது. ஆயினும் நுட்பமான அந்தப் பொறிகளுள் பல, காலப்போக்கில் இயங்காமல் நின்றன. பழைய மரச்சாளரத்தின் கதவை உள்ளிருப்பவர் கையால் திறந்துகொள்ளலாம். பொறி பழுதானாலோ, உள்ளிருப்பவரின் கைக்கு வேலையே இல்லை.

மதீனாவுக்குச் சென்று வந்தோர் இதைவிட அழகிய எடுத்துக்காட்டைக் கண்டிருப்பர். மஸ்ஜிதுந் நபவியின் வெளிமுற்றத்தில் 250 பெருங்குடைகள் நிற்கின்றன. இஸ்லாத்தைத் தழுவிய ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் மஹ்மூத் போடோ ராஷின் கைவண்ணம் அவை. கோடையில் பகல் முழுதும் விரிந்து நிழல் தருகின்றன. இரவில் மடிந்து, தரையின் வெப்பம் வானை நோக்கி வெளியேற வழி விடுகின்றன. தொழுவோருக்கு வேண்டியதை அவை செய்கின்றன. ஆனால் தம் நிழலில் அமர்ந்தவர் யார், எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்று எந்தக் குடையும் குறித்து வைப்பதில்லை.

வீட்டுக்குள் வரும் கருவியையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் 58ஆம் வசனத்தை நினைவுகூருங்கள். பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கையில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில், வீட்டோடு இருப்பவர்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே அறைக்குள் நுழைய வேண்டும் என்று அது பணிக்கிறது. அறை ஒன்றுதான், சுவரும் கதவும் மாறவில்லை. ஆயினும் வேளைக்கேற்ப அதன் தன்மை மாறுகிறது. பெற்ற பிள்ளையே கதவருகில் நின்று கேட்க வேண்டிய நேரத்தில், கேமரா மட்டும் கேளாமல் உள்ளே இருக்கலாமா?

நாங்கள் கேமராவைக் கழற்றினோம். கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையே, தரையை ஒட்டி, அசைவறிந்து எரியும் சிறு விளக்குகளைப் பொருத்தினோம். மனித உடலின் வெப்பம் இடம்பெயர்வதை மட்டுமே அவை உணரும்; உருவத்தைப் பதிவதில்லை, எங்கும் அனுப்புவதும் இல்லை. சுவர் நெடுகப் பிடிமானக் கம்பியும், தலைமாட்டில் அழைப்புமணியும் வைத்தோம். உம்மா இப்போது முக்காட்டை மடித்துத் தலையணை அருகே வைத்துவிட்டு உறங்குகிறார்கள்.

தம்பிக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. “மணியை அழுத்த முடியாதபடி விழுந்துவிட்டால்?” என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. அந்த அச்சம் எனக்கும் உண்டு. மறதிநோய் முற்றியவர்களுக்குக் கண்காணிப்பு இன்றியமையாததாகவும் ஆகலாம். ஆனால் சிந்தனை தெளிவாக உள்ள ஒருவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே! எங்கள் பிழை கருவியை வாங்கியதில் இல்லை; கேளாமல் பொருத்தியதில்தான் இருந்தது.

வீடு கட்டுவோரும் புதுப்பிப்போரும் பொறியாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இக்கருவி எதை அறிகிறது? அறிந்ததை யாரிடம் சொல்கிறது? அதை நிறுத்தும் விசை யார் கையில் இருக்கும்? மூன்றாம் கேள்விக்கு, அந்த அறையில் வாழ்பவரின் கையில் என்பதே விடையாக இருக்கட்டும்.

நம் இல்லங்களை அல்லாஹ் அமைதி தரும் இடங்களாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.